வைகாசிக்குள் அழைத்து வாருங்கள்

பண்டாரவளை, இலங்கை
3-2-1969

அன்புள்ள நாகம்மைக்கு,

சிட்டாள் எழுதுகிறேன். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். தம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டேன், அவனும் சுகம். இதை முதலில் எழுதாவிட்டால் நீ மேலே வாசிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து கொழும்பு போய்ச் சேர்ந்த மறுநாளே ரயிலில் வந்தோம். எங்கள் வீட்டுக்காரர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடையைப் பார்க்க ஆளில்லை என்று மறு வண்டிக்கே திரும்பிவிட்டார். தம்பியைப் பார்த்துப் பேசி, மகள் கலியாணத்துக்குக் கையோடு அழைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நானும் இரண்டே சேலையோடு வந்தேன். இங்கே வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்த யோக நிலையத்தில் தங்கியிருப்பவர்களை வெளியார் வந்து பார்க்க முடியாதாம். பார்க்க வேண்டுமானால் நாமும் மாணவராகச் சேர்ந்து, அவர்களோடு எழுந்து, அவர்களோடு படுக்க வேண்டுமாம். வேறு வழியில்லாமல் சேர்ந்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் உன் நாத்தினார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று உமையாளிடம் சொல், சிரிப்பாள்.

இது யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தேயிலைத் தோட்டத்துக்காகக் கட்டிய பங்களா. நடத்துவது மார்த்தா அம்மையார் என்று ஒரு சுவிட்சர்லாந்துக்காரி. நூல் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருக்கிறார். தமிழ் தெரியாது. என்னோடு தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர்தான் அவர் சொல்வதை எனக்கும், நான் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்கிறார். மற்றவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

விடியுமுன்னே மணி அடிக்கிறார்கள். குளிர் எலும்புக்குள் போகிறது. வெள்ளைக் கால்சட்டையும் சட்டையும் கொண்டுவந்து நீட்டினார்கள். அதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு காலைத் தூக்கி மறுகாலில் வைத்து நிற்கச் சொன்னதில், பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலியாக்காரப் பெண் மேலே போய் விழுந்தேன். அது பாவம், என்னைத் தூக்கி நிறுத்தி முந்தானையைச் சரிசெய்துவிட்டது. சாப்பாட்டில் மிளகாய் கிடையாது, புளி கிடையாது. சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது.

தம்பியைத் தோட்டத்தில் பார்த்தேன். முட்டைக்கோசுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தான். தலையை ஒட்ட வெட்டி, தாடி வளர்த்திருக்கிறான். எங்களைப் பெற்ற அப்பச்சியின் மூக்கு அவனுக்கு, அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். காவி கட்டவில்லை, நான்கு முழ வேட்டிதான். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். அமாவாசை வரைக்கும் மௌனமாம், அதனால் பேசவில்லை. அதுவரை நானும் இருந்துதான் ஆகவேண்டும். நீ கவலைப்படாதே. உமையாளின் வைகாசி முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சிட்டாள்


காரைக்குடி
11-2-1969

ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. குளிரையும் முட்டைக்கோசையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி எழுந்து கும்பிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கும்பிட்ட பிறகு என்ன செய்தார் என்று எழுதவில்லை. உங்களைப் பார்த்ததும் முகம் எப்படிப் போனது என்று எழுதவில்லை. நான்கு வருஷம் கழித்துக் கூடப்பிறந்தவளைப் பார்க்கிற மனிதர் கும்பிட்டுவிட்டு மறுபடி களை எடுக்கக் குனிந்துவிட்டாரா? அப்படியானால் அப்படியே எழுதுங்கள். எனக்கு மனசு கஷ்டப்படுமே என்று எதையும் மழுப்ப வேண்டாம். கஷ்டப்பட்டுப் பழகியதுதான்.

மௌனம் என்றால் வாய்க்குத்தானே, காதுக்கும் உண்டா? உமையாளுக்குக் கலியாணம் என்று நீங்கள் போய்ச் சொல்லலாமே.

போன வெள்ளிக்கிழமை கானாடுகாத்தானிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் சாத்தப்பன் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். அவர்கள் இளையாத்தங்குடிக் கோயில், நாம் பிள்ளையார்பட்டி, குலக்கோயில் வேறுவேறு, எல்லாம் பொருந்தி வந்த இடம். மாப்பிள்ளைக்கு மெட்ராசில் கம்பெனி வேலை. பெண்ணையும் பிடித்திருக்கிறது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே இருந்தார். பிறகு, “அவுக எங்க இருக்காகன்னு ஊருல பலவிதமாப் பேசுறாக. நான் அதெல்லாம் காதுல வாங்கல. இருக்காகன்னா வந்து பந்தல்ல உக்காரட்டும். வரமாட்டாகன்னா ஏன்னு எனக்குச் சொல்லுங்க,” என்றார்.

நான் என்ன சொல்வேன்? உடம்புக்கு முடியாமல் இலங்கையில் வைத்தியம் நடக்கிறது, வைகாசிக்குள் வந்துவிடுவார் என்று சொன்னேன். இசைகுடிமானக் கலியாணப் பத்திரம் எழுதும்போது பெண்ணின் தகப்பனார் கையெழுத்து வேண்டும். தகப்பனார் இல்லாத பெண் என்றால் பங்காளி யாராவது போடலாம். உமையாளுக்குத் தகப்பனார் இருக்கிறார். இருக்கிறவர் இருக்கும்போது வேறொருவரை எப்படி உட்கார வைப்பது?

பலவிதமாகப் பேசுகிறார்கள் என்று அவர் சொன்னது என்னவென்று உங்களுக்கும் தெரியும். சாமியாராகிவிட்டார் என்கிறார்கள். அங்கே இன்னொரு குடித்தனம் இருக்கிறது என்கிறார்கள். பைத்தியம் என்றும் சொல்கிறார்கள். நான் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனால், அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சந்தனத்தை நீட்டுகிறார்கள்.

நீங்கள் அவருக்கு அக்காள். எனக்கு நாத்தினார். இந்தக் காரியத்தில் நீங்கள் யார் பக்கம் என்று நான் கேட்கவில்லை. உமையாள் பக்கம் இருங்கள், போதும்.

நாகம்மை


பண்டாரவளை
18-2-1969

அன்புள்ள நாகம்மைக்கு,

நீ கேட்டபடியே மழுப்பாமல் எழுதுகிறேன். அன்றைக்குக் கும்பிட்டுவிட்டு மறுபடி களை எடுக்கத்தான் குனிந்தான். நான் பாத்தி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு அறைக்குப் போய் அழுதேன். இதை உனக்கு எழுத மனம் வரவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் மத்தியானம், வராந்தாவில் இருவரும் உட்கார்ந்தோம். நான் நினைத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துவிட்டது. அவன்தான் முதலில் பேசினான். “ஆச்சி, இழுப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டான். சின்ன வயதில் எனக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் முதுகைத் தடவிவிடுகிற பிள்ளை அவன். அந்தக் குரலில் ஒரு மாறுதலும் இல்லை.

உமையாளுக்குக் கலியாணம் என்றேன். “சந்தோசம். நல்ல எடமா?” என்றான். அடுத்த வீட்டுப் பெண்ணைப்பற்றிக் கேட்பதுபோல இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், நீ பெற்ற பிள்ளையடா, நீ இல்லாமல் எப்படி முகூர்த்தம் நடக்கும், நாகம்மை ஊராரிடம் என்ன பாடு படுகிறாள் தெரியுமா என்றெல்லாம் சத்தம் போட்டுவிட்டேன். இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. கொழும்பில் செட்டியார் தெரு மாடியறையில் கடை ஏறக்கட்டும் வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் படுத்தே கிடந்ததையும், யாரோ ஒரு வாடிக்கைக்காரர் இங்கே கொண்டுவந்து சேர்த்ததையும் சொன்னான். முதல் சில நாள் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடச் சொன்னார்களாம். வேறெதுவும் கேட்கவில்லையாம். அப்புறம் ஒருநாள் நன்றாகத் தூங்கிவிட்டானாம். அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய பாக்கியம் கிடைத்ததுபோல முகம் இருந்தது. தூங்கியதையா ஒரு மனிதன் இப்படிச் சொல்வான் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, இப்போதுதான் நன்றாக இருக்கிறாயே, வாயேன் என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் அங்க வந்தா, அங்க இருந்த ஆளும் திரும்பி வந்துருவான் ஆச்சி. அவன நாகம்மைக்குத் தெரியும். கேட்டுப் பாருங்க.”

நாகம்மை, என்ன இது? யாரைச் சொல்கிறான்? அவனுக்கு வயிற்றுவலி என்றுதானே நீ எங்கள் எல்லாரிடமும் சொல்லி வந்தாய். வயிற்றுவலிக்காரன் பேசுகிற பேச்சாக இது தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கேட்குமுன். வந்ததிலிருந்து எனக்கு ஒருநாள்கூட இழுப்பு வரவில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. இந்தக் குளிரில் எப்படி என்று எனக்கே தெரியவில்லை. காலையில் அந்த மணிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சிட்டாள்


காரைக்குடி
25-2-1969

ஆச்சி அவர்களுக்கு,

உங்களுக்கு இழுப்பு வராததில் எனக்கு என்ன கோபம்? நன்றாக இருங்கள். போன ஆளையும் அந்த மலை வைத்துக்கொண்டது, கூப்பிடப் போன ஆளையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கேட்டுப் பாருங்கள் என்று அவரே சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பிக்கு வயிற்றுவலி ஒருநாளும் வந்ததில்லை. மாமா தவறிய அடுத்த வருஷம் அது ஆரம்பித்தது. முதலில் சாப்பாடு குறைந்தது. பிறகு வெளியே போவது நின்றது. வீட்டு இரண்டாங்கட்டில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் அதே இடம். என்ன செய்கிறது என்று கேட்டால், “ஒண்ணும் செய்யல, அதான் செய்யுது,” என்பார். என்னை ஒரு வார்த்தை கடுத்துப் பேசியதில்லை, கை நீட்டியதில்லை. பிள்ளையைப் பார்த்தால் மட்டும் கண் கலங்கும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிள்ளையார்பட்டிக்கு நடந்துபோய் வந்தோம். யாரோ சொன்னார்கள் என்று தலைக்கு எண்ணெய் வைத்தேன். எதற்கும் கேட்கவில்லை.

அந்த மாசியில் ஒரு மத்தியானம் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றின் கைபிடிச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் போய்விடுவார் என்று தோன்றியது. ஓடிப்போய் இடுப்பு வேட்டியைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இரண்டு பேரும் கல்லில் விழுந்தோம். என் மணிக்கட்டு அப்போது உடைந்ததுதான். சுற்றுக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று உங்களுக்கெல்லாம் சொன்னேன். நீங்கள் புத்தூர்க்கட்டுக்கு அழைத்துப் போனீர்கள். வழியெல்லாம், பார்த்து நடக்க வேண்டாமா என்று என்னைக் கடிந்துகொண்டு வந்தீர்கள்.

அதற்குப் பிறகு அவரைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. அவர் குளிக்கப் போனால் நான் வாசலில் நிற்பேன். கிணற்றுக்குப் பலகை போட்டு மூடினேன், ஊரில் கேட்டதற்குப் பூனை விழுந்துவிட்டது என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தேன் ஆச்சி. எனக்கே ஒரு கட்டத்தில் முடியவில்லை. இடம் மாறினால் சரியாகும் என்று, கொழும்புக் கடையை ஏறக்கட்டும் சாக்கில் அவரைக் கப்பலேற்றி விட்டவள் நான்தான். அங்கே உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே என்ற தைரியம்.

இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள், அவர் தூங்குகிறார் என்று. மூச்சை இழுத்து விடச் சொன்னார்களாம், தூங்கிவிட்டாராம். எனக்கு வயிறு எரிகிறது ஆச்சி. அவர் நன்றாக இருப்பதற்காக எரியவில்லை. என் கையால் ஆறவில்லையே, யாரோ பெயர் தெரியாதவர்கள் கையால் ஆறியதே என்று எரிகிறது. இப்படி ஒரு பெண்சாதி நினைக்கலாமா என்று தெரியவில்லை. நினைக்கிறேன்.

அங்கே அவர் சிரிக்கிறாரா? அதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

நாகம்மை


பண்டாரவளை
4-3-1969

அன்புள்ள நாகம்மைக்கு,

உன் கடிதத்தை யார் கண்ணிலும் படாமல் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். நான் உன்னைக் கடிந்துகொண்டு வந்த அந்த வழி முழுவதும் கண்முன் வருகிறது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் அவனைப் பைத்தியம் என்று நாங்கள் ஒதுக்கிவிடுவோம் என்று பயந்தாயா? ஒதுக்கியிருப்போமோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உன் கடிதம் வருமுன்னே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ முன்பு எழுதியதை வைத்து, சாத்தப்பன் வந்து கேட்டதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். நீ வராவிட்டால் இந்த இடம் தட்டிப்போகும், உமையாள் வாழ்க்கை உன் தலையில்தான் விடியும் என்று சொன்னேன். தினமும் சொன்னேன். அவன் பாத்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். நாலாவது நாள், “சரி ஆச்சி, வாரேன்,” என்றான். எனக்கு உலகமே கைக்குள் வந்ததுபோல இருந்தது. உடனே கொழும்புக்கு எழுதி, தலைமன்னாரில் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் போட்டும் விட்டார்.

வருகிறேன் என்று சொன்ன அன்றைக்குச் சாயந்திரமே அவன் சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தோட்டத்தில் மண்வெட்டியைப் பிடித்தபடி நிற்கிறான், மணி அடிப்பதுகூடக் காதில் விழவில்லை. என்னடா செய்கிறது என்று கேட்டதற்கு, நீ எழுதியிருக்கிறாயே, அதே பதிலைச் சொன்னான், ஒன்றும் செய்யவில்லை என்று. உன் கடிதம் அதற்கு அடுத்த நாள்தான் வந்தது.

மார்த்தா அம்மையார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவனை அழைத்துப் போவது எங்கள் உரிமையாம், தடுக்க மாட்டாராம். ஆனால் அங்கே அவனோடு யார் கூடவே இருப்பார்கள் என்று கேட்டார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னதும் உன் நினைப்புத்தான் வந்தது. யார் இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்திருந்தது.

சிரிக்கிறானா என்று கேட்டாய். நான் வந்த புதிதில் ஒருமுறை பார்த்தேன். தோட்டத்துக் குரங்கு ஒன்று அம்மையாரின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மௌனத்தில் இருந்தவன், சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்போது இல்லை.

டிக்கெட் கையில் இருக்கிறது. கலியாணத்துக்கு அழைத்து வரவா, விட்டுவிட்டு வரவா? அவன் வருகிறேன் என்றுதான் சொல்கிறான். நான் இழுத்தால் வந்துவிடுவான். நீ ஒரு வார்த்தை எழுது. உன்னைக் கேட்காமல் இனி நான் எதுவும் செய்வதாக இல்லை.

சிட்டாள்


காரைக்குடி
14-3-1969

ஆச்சி அவர்களுக்கு,

என் தந்தி கிடைத்திருக்கும். அழைத்து வர வேண்டாம் என்று அடித்தேன். தபாலாபீசில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. அங்கிருந்தே கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஏறாமல் வீட்டுக்கு வந்திருந்தால் மனசு மாறியிருக்கும்.

பெண்ணைப் பெற்றவள் தனியாக மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கமில்லை. சாத்தப்பன் முகப்பில் இருந்தார், என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். அவர் பெண்சாதியையும் வரச் சொல்லி, இருவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூணோடு உட்கார்ந்திருந்தது, கிணறு, கை, கொழும்பு, மலை, எல்லாம். அவர் வரமாட்டார், ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள், இதுதான் ஏன் என்றேன். நான்கைந்து வருஷமாக வாயைத் திறக்காதவளுக்கு எங்கிருந்து அத்தனை பேச்சு வந்ததோ.

சாத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக, “தப்பா எடுத்துக்காதீக. இது வழிவழியா வருமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததை எப்படித் தெரியும் என்று சொல்வது?

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சாத்தப்பன் கூட நடந்து வந்தார். “இத நீங்க சொல்லாம இருந்துருக்கலாம் ஆச்சி,” என்றார். திட்டுவதுபோலவும் இல்லை, பாராட்டுவதுபோலவும் இல்லை.

முந்தாநாள் உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாதகத்தை மறுபடி பார்த்ததில் ஏதோ சரியில்லையாம். நின்றுவிட்டது ஆச்சி.

உமையாளிடம் சொன்னேன். அழவில்லை. எதற்காக நின்றது என்று கேட்டாள், அதையும் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். “அப்பச்சி கெணத்து மேல நின்னது எனக்குத் தெரியும். நான் மாடி சன்னல்ல இருந்தேன். நீங்க வழுக்கி விழுந்ததா எல்லாருக்கும் சொன்னீக. எனக்கும் அதையே சொன்னீக,” என்றாள். பதின்மூன்று வயதிலிருந்து இதை வைத்துக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அவளுக்குக் கலியாணம் நின்றதில்கூட அவ்வளவு கோபமில்லை. கானாடுகாத்தான்காரர்களிடம் சொன்னதை அவளிடம் முதலில் சொல்லவில்லையே என்று கோபம். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சமைத்து வைத்தால் சாப்பிடுகிறாள்.

உங்கள் தம்பியிடம் பொய் சொல்ல வேண்டாம். கலியாணம் நல்லபடி நடக்கும், நீ இரு என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வயிற்றுவலி என்று நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு மூன்று பேரும் தனித்தனியாகக் கிடந்திருக்கிறோம், அது போதும். சாப்பிட ஆரம்பித்துவிட்டாரா என்று பாருங்கள். சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிற ஒருநாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் அந்த அம்மையாரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கலியாணம் நின்றதில் அவர் மேல் பழியில்லை, மாப்பிள்ளை வீட்டார் பயந்துகொண்டார்கள் என்று சொல்லுங்கள்.

நாகம்மை


பண்டாரவளை
24-3-1969

அன்புள்ள நாகம்மைக்கு,

தந்தி வந்த அன்றைக்கே டிக்கெட்டைத் திருப்பச் சொல்லிவிட்டேன். வரவேண்டாம் என்று நாகம்மையே சொல்லிவிட்டாள் என்று தம்பியிடம் தந்தியைக் காட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கஞ்சி குடித்தான். பிறகு மெதுவாகத் தூக்கம் வந்தது. தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். உன் கடிதம் வந்தபிறகும் நான் சில நாள் பொறுத்திருந்தேன்.

நேற்றுக் காலை மார்த்தா அம்மையாரையும் டீச்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். நீ எழுதியபடியே, கூட்டாமல் குறைக்காமல். கலியாணம் நின்றது என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குப் பயமாக இருந்தது. அம்மையார் அவனைத் தொடவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டார். கொஞ்ச நேரத்தில் அவனும் அதேபோல விட்டான். பார்த்தால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, “நாகம்மை தனியாவா போனா?” என்று. ஆமாம் என்றேன். உமையாள் சன்னலில் இருந்து பார்த்தாள் என்று சொன்னபோதுதான் உடைந்துவிட்டான். நான் அவன் அழுது பார்த்ததே இல்லை, அப்பச்சி தவறியபோதுகூட. வாய்விட்டு அழுதான், முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சாயந்திரம் அவனாகவே என்னைத் தேடி வந்தான். சொல்ல வந்ததைச் சொல்ல நேரம் பிடித்தது. “என்னால அங்க வர முடியல ஆச்சி. வரணும்னு நெனச்சாலே கெணறு வருது. அவ ஒருதடவ இங்க வருவாளா? பிள்ளையையும் கூட்டிக்கிட்டு. கேட்டு எழுதுங்க,” என்றான். நான்கு வருஷத்தில் அவன் உன்னைக் கேட்கிற முதல் காரியம் இது என்று நினைக்கிறேன்.

உன்னை வற்புறுத்த எனக்கு வாய் இல்லை. ஒருவனை வற்புறுத்தி என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். வந்தால் கொழும்பில் எங்கள் வீட்டில் தங்கலாம், நானே மலைக்கு அழைத்து வருகிறேன். நான் அடுத்த வாரம் இறங்குகிறேன். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டார். அங்கே போனால் இழுப்பு வரும், வரட்டும்.

உமையாள் பேசினாளா?

சிட்டாள்


காரைக்குடி
2-4-1969

ஆச்சி அவர்களுக்கு,

கொழும்பு முகவரிக்கு எழுதுகிறேன். நீங்கள் இறங்கியிருப்பீர்கள்.

உமையாள் பேசிவிட்டாள். உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நான் முதலில் வாசிக்கவில்லை, அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அப்பச்சி அழுத இடம் வந்ததும் நிறுத்தி, கொல்லைப்பக்கம் போய் இருந்துவிட்டு வந்து மிச்சத்தை வாசித்தாள். நான் போகிறேன் என்றாள். ஒருவேளை இதனால் இன்னும் ஊர் பேசும், அடுத்த இடம் வருவதும் தள்ளிப்போகும் என்று சொன்னேன். பேசட்டும் என்றாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். கப்பலில் அவளோடு அனுப்ப ஒரு துணை பார்க்க வேண்டும். வந்ததும் நீங்கள் மலைக்கு அழைத்துப் போங்கள். அவளுக்கும் அந்த வெள்ளைக் கால்சட்டையைக் கொடுப்பார்கள், அவள் போட்டுக்கொள்வாள், நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள்.

நான் வரவில்லை.

இதை உங்கள் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தவிப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அவர் பேரில் எனக்கு வெறுப்பில்லை. அவர் தூங்குவதும் சாப்பிடுவதும் எனக்கு வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் இருக்கிறது. இத்தனை வருஷம் அது இருப்பதே எனக்குத் தெரியவில்லை, அவரைக் காவல் காக்கிற வேலையில் கோபப்பட நேரமில்லை. பிறகு ஊருக்குப் பதில் சொல்கிற வேலை. கானாடுகாத்தானிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்த அன்றுதான் அது மெல்ல எழுந்து வந்தது. அது அந்த மலைக்காரர்களோடு இல்லை, உங்களோடு இல்லை. அவரோடுதான். குணமான பிறகாவது இரண்டு வரி எழுதியிருக்கலாம் இல்லையா? உயிரோடு இருக்கிறேன் நாகம்மை, தூங்குகிறேன் என்று எழுதியிருந்தால், இங்கே நானும் தூங்கியிருப்பேனே.

அதை வைத்துக்கொண்டு நான் அங்கே வந்தால் அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன். எங்கே திரும்ப அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, பழையபடி எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிடுவேன். அது இனி என்னால் முடியாது. கொஞ்ச நாள் இந்த வீட்டில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொள்கிறேன். தீர்ந்தால் வருவேன். தீராமலும் போகலாம்.

அதுவரைக்கும் அவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அந்த அம்மையார் சொல்கிறபடி கேட்க வேண்டும். நான் கோபித்துக்கொள்வதற்காவது அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நாகம்மை